கக்கூஸ் மியூசியத்துக்கு ஓர் இணைப்புக் கட்டடம்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், பாறையைக் குடைந்து கட்டிய 'மோனா' என்ற அருங்காட்சியகத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடும். வரிசையாகத் தொங்கும் கண்ணாடிக் குடுவைகளுக்குள் நொதிகளும் பாக்டீரியாக்களும் வேலை பார்க்கும். நேரம் வந்ததும் மலம் கழிக்கும். பெயர் 'க்ளோவாக்கா'. பெல்ஜியக் கலைஞர் விம் டெல்வோய் இதன் முதல் வடிவத்தை 2000இல் செய்தார். சூதாட்டத்தில் கணக்குப் போட்டுக் கோடீஸ்வரரான டேவிட் வால்ஷ், 2011இல் தான் திறந்த மியூசியத்தில் அதன் தம்பியைக் குடிவைத்தார். கலை என்றால் மலர்க்கொத்தும் மாதாவும் மேகக்கூட்டமும்தான் என்று நம்பி வருகிறவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சுப வேளைக்காகக் காத்து நிற்கிறார்கள்.

மனிதன் காசு வாங்காமல் தினமும் செய்கிற காரியத்துக்கு இவ்வளவு பெரிய இயந்திரமா என்று கேட்கத் தோன்றும். நான் கேட்கமாட்டேன். மலம் போட இயந்திரம் செய்யுமளவுக்கு உலகம் முன்னேறிவிட்டது. மலம் அள்ள இயந்திரம் வாங்குகிற கோப்பு நம் நகராட்சியில் இன்னும் மேசை மாறிக்கொண்டிருக்கிறது. அவரவர் வேகம் அவரவருக்கு.

இந்த வம்சத்தின் தாத்தா இத்தாலிக்காரர் பியரோ மன்சோனி. 1961இல் 90 தகர டப்பாக்களில், டப்பாவுக்கு 30 கிராம் வீதம் தன் மலத்தை அடைத்ததாக லேபிள் ஒட்டி, தங்கத்தின் எடைக்கு எடை விலை வைத்தார். 2016இல் மிலான் நகர ஏலத்தில் ஒரு டப்பா 2,75,000 யூரோவுக்குப் போனது. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. அதே 2016இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் மவுரிசியோ கட்டெலான் செய்த 18 காரட் தங்கக் கழிப்பறையை வைத்தது. 'தொடாதீர்கள்' என்ற பலகையை எதிர்பார்த்து வந்தவர்களிடம் 'உட்காருங்கள்' என்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று உட்கார்ந்து எழுந்தார்கள். 2019இல் இங்கிலாந்தின் பிளெனம் மாளிகையில் வைத்திருந்தபோது திருடர்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கழிப்பறையைக் களவாட ஆள் வருவது என்பது நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் கனவிலும் நடக்காத பெருமை.

ஆக, ஒரு தொழில் உருவாகியிருக்கிறது. பார்வையாளர் எதை நினைத்து வருகிறாரோ அதைக் கவிழ்ப்பது. அவர் புனிதத்தைத் தேடி வந்தால் மலத்தைக் காட்டுவது. அவருக்குச் சின்னதாக ஓர் அதிர்ச்சி, பிறகு ஒரு புகைப்படம், பிறகு மியூசியத்தின் கேன்டீனில் ஒரு காபி. அதிர்ந்த கையோடு யாரும் வீட்டுக்குப் போய்த் தன் கழிவறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

இந்தத் தொழிலில் இந்தியா பின்தங்கிவிடவில்லை. டெல்லியில் பாலம் விமான நிலையப் பக்கம், மகாவீர் என்கிளேவில், 1992 முதல் சுலப் சர்வதேசக் கழிப்பறை அருங்காட்சியகம் நடக்கிறது. நிறுவியவர் பிந்தேஷ்வர் பாடக். 'டைம்' இதழ் உலகின் விசித்திர மியூசியங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. சேர்த்ததில் தப்பில்லை. உள்ளே நுழைந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். பிரான்ஸின் பதினான்காம் லூயி அரசவை நடத்திக்கொண்டே கழித்ததாகச் சொல்லப்படும் சிம்மாசனத்தின் நகல் அங்கே இருக்கிறது. உயர்ந்த முதுகு, கைப்பிடி, இருக்கையின் நடுவே ஓட்டை. தடித்த புத்தகங்களை அடுக்கிவைத்தது போலத் தோன்றி, திறந்தால் கழிப்பறையாகும் பெட்டி இருக்கிறது. வேட்டைக்குப் போகும் கனவான்கள் தூக்கிக்கொண்டு போக, புதையல் பெட்டி மாதிரி ஒன்று. நீர்மூழ்கிக் கப்பலுக்கு மலத்தை எரித்துச் சாம்பலாக்கும் மின்சாரக் கழிப்பறை. முதலாம் எலிசபெத்துக்கு 1596இல் ஜான் ஹாரிங்டன் செய்து கொடுத்த நீர்க்கழிப்பறையின் கதை. ஹரப்பா காலத்துச் சாக்கடையின் படங்கள். கடைசியில் சொன்னதன் முன் நிற்கும்போது பார்வையாளரின் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் மூடிய சாக்கடை இருந்தது, வெள்ளைக்காரன் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தான்!

சிரித்து முடித்து, நெஞ்சையும் நிமிர்த்தி முடித்த பிறகு கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. லூயி எழுந்து போனதும் அந்தச் சிம்மாசனத்தின் அடியில் இருந்த பானையைத் தூக்கிக்கொண்டு போனவர் யார்? புத்தக அடுக்கின் அடிப்பக்கத்தைக் கழுவியவர் யார்? ஹரப்பாவின் சாக்கடைக் குழிகளில் படிந்ததை வாரிப் போட இறங்கியவர் யார்? எதில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு உலகமெங்கும் சரித்திரம் இருக்கிறது. அள்ளியவருக்குப் பெயர்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆசனம் இருக்கிறது, கை இல்லை.

பாடக்குக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பீகாரின் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மலம் அள்ளும் பெண் ஒருவரைத் தொட்டதற்காகப் பாட்டி தன் வாயில் பசுஞ்சாணத்தையும் கோமியத்தையும் திணித்த கதையைப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். 1970இல் சுலப் தொடங்கினார். அவர் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறை எளிமையான அறிவு. இரண்டு குழி, நடுவில் குழாய் இரண்டாகப் பிரியும் ஒரு சின்னத் தொட்டி. ஒரு குழி நிரம்பினால் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிரம்பியது இரண்டு வருஷத்துக்குள் நாற்றமில்லாத எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் வாரித் தோட்டத்தில் போடலாம். லட்சக்கணக்கான எடுப்புக் கக்கூஸ்கள் இப்படித்தான் ஒழிந்தன. 2023 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றிவிட்டு இறந்துபோனார். மறுவருஷம் பத்மவிபூஷண் வந்தது. மலம் அள்ளிய பெண்களைப் பற்றி அந்த வளாகம் பேசாமலும் இல்லை. ஆனால் கூட்டம் நிற்பது லூயியின் சிம்மாசனத்துக்கு முன்னால்தான். செல்ஃபி அங்கேதான் எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மியூசியம் வந்தது 1992. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்யும் முதல் சட்டம் வந்தது 1993. சட்டத்தின்படி அந்த வேலைதான் மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டும். வாளியும் தகரமும் கூடையும் கண்ணாடிக்குள் போய், 'இப்படியும் ஒரு காலம் இருந்தது' என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். கக்கூஸ் மியூசியத்துக்குள் போய் ஏசிக் காற்று வாங்குகிறது. அதை அள்ளியவர் குழியிலேயே நிற்கிறார்.

அதனால் சுலப் மியூசியத்துக்கு ஓர் இணைப்புக் கட்டடம் கட்டவேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். காட்சிப் பொருள்களுக்கு அலையத் தேவையில்லை. எல்லாம் அரசாங்கத்தின் அலமாரியிலேயே இருக்கின்றன.

வாசல் மேன்ஹோலாக இருக்கட்டும். ஹோபார்ட்டில் தரைக்கு அடியில் இறங்கிப் போவதை 'அனுபவம்' என்று விளம்பரப்படுத்துகிறார்கள். நம்மிடமும் அந்த அனுபவத்தில் தேர்ந்தவர்கள் உண்டு. நுழைவுச் சீட்டுக்குக் காசு வாங்கவேண்டாம், சாதிச் சான்றிதழ் போதும். 2021 டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். அவர்களில் சாதி விவரம் தெரிந்தவர்கள் 43,797 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 42,594 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இட ஒதுக்கீட்டால் தகுதி செத்துப்போச்சு, திறமை செத்துப்போச்சு என்று மருத்துவக் கல்லூரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்ட ஒருவரும் இந்த 97 சதவீத ஒதுக்கீட்டை எதிர்த்து நீதிமன்றம் போகவில்லை. மேன்ஹோல் வாசலில் நின்று 'எங்களுக்கும் பொதுப்பிரிவில் இடம் கொடு' என்று கோஷம் போடவில்லை. இவ்வளவு பெருந்தன்மை வேறு எந்தத் துறையிலும் கிடையாது.

உள்ளே முதல் அறை காலியாக இருக்கும். வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, வேறொன்றும் இல்லை. கலை தெரிந்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள், 1958இல் பாரிஸில் ஈவ் க்ளைன் வெறும் அறையைக் காட்சிக்கு வைத்தாரே என்று. க்ளைன் பாவம், அவருக்கு அமைச்சகம் இல்லை. நம் அறையின் சுவரில் ஒரு தேதி மட்டும் இருக்கும்: 2021 ஜூலை 28. அன்று மாநிலங்களவையில் சமூக நீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். கையால் மலம் அள்ளும் வேலையால் இறந்ததாகத் தகவல் ஏதும் இல்லை என்பதே பதில். பூஜ்யம். அந்த அறையின் வெண்மைக்கு அதுதான் காரணம்.

வாயைப் பிளந்துகொண்டு பக்கத்துக் கதவைத் தள்ளினால், அடுத்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி 2020 முடிய ஐந்து ஆண்டுகளில் செத்தவர்கள் 340 பேர். இதைச் சொன்னதும் அதே அமைச்சகம்தான், அதே வருஷம் பிப்ரவரியில், மக்களவையில். பிப்ரவரியில் 340 பிணம், ஜூலையில் பூஜ்யம். நடுவில் யாரும் உயிர்த்தெழவில்லை. கையால் மலம் அள்ளுவது ஒரு தலைப்பு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்வது வேறொரு தலைப்பு. செத்தவர்கள் எல்லோரும் தலைப்பு மாறிச் செத்துவிட்டார்கள். செப்டிக் டேங்கில் இருப்பது பாயசம் போலிருக்கிறது. உலகத்தின் எந்த விசித்திர மியூசியமும் பார்வையாளரை இப்படி ஏமாற்றியதில்லை. ஒரே சுவர், இந்தப் பக்கம் நின்றால் யாருமே சாகவில்லை, அந்தப் பக்கம் நின்றால் பிணக்குவியல்.

இந்த வித்தைக்கான மந்திரம், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய மறுபடி வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் ஒரு காட்சி வைக்கலாம், பிள்ளைகள் தொட்டு விளையாடலாம். குழிக்குள் இடுப்பளவு நிற்கும் ஒரு மெழுகு பொம்மை. பக்கத்தில் ஒரு ஜோடி கையுறை. அரசு அறிவித்த கருவியோடும் பாதுகாப்புக் கவசத்தோடும் மலத்தைச் சுத்தம் செய்கிறவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆகவே, கையுறையை எடுத்துப் பொம்மைக்கு மாட்டுங்கள். டிங்! சுவரில் இருக்கும் எண்ணிக்கையில் ஒன்று குறையும். அதே ஆள், அதே குழி, அதே மலம், ஆனால் ஆள் மறைந்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதிகாரிகளும்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புச் சாதனங்கள் 44 வகை என்று பட்டியல் இருக்கிறது. கட்டடத்தில் அவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத முழங்கால் பூட்ஸ், முகமூடி, வாயு அளக்கும் கருவி, இடுப்புக் கயிறு. எல்லாம் புத்தம் புதிது. பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்ட பதிவேடு. ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்கும் நாளில் வெளியே எடுத்து, போனதும் உள்ளே வைத்துப் பூட்டினால் பொருள் எத்தனை வருஷமானாலும் கெடாது. பாதுகாப்புச் சாதனத்தை இவ்வளவு பாதுகாப்பாக வைத்திருக்கும் நாடு வேறு இல்லை.

ரயில்வேக்குத் தனிச் சுவர் வேண்டும். 1909இல் ஓகில் சந்திர சென் என்ற பயணி, பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ஒதுங்கப் போன இடத்தில் ரயிலைத் தவறவிட்டு, கையில் சொம்போடு ஓடி விழுந்த கதையை ரயில்வேக்குப் புகாராக எழுதினார். ரயிலில் கழிப்பறை வர அந்தக் கடிதம்தான் வழிசெய்தது என்று சொல்லிச் சொல்லி மகிழ்வோம். டெல்லி ரயில் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்துக் கொண்டாடியது. நல்லது, அவருக்குக் கழிப்பறை கிடைத்தது. அந்தக் கழிப்பறையின் ஓட்டை வழியாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தண்டவாளத்தில் விழுந்ததைத் துடைப்பத்தால் தள்ளியவர்கள் என்ன கடிதம் எழுதினார்கள், எந்த மியூசியத்தில் இருக்கிறது? பயோ டாய்லெட் வருவதற்குள் எத்தனை தலைமுறை தண்டவாளத்திலேயே குனிந்து கழிந்தது?

இன்னொரு பீடத்தில் ஒரு தாம்பாளம். 2019 பிப்ரவரியில் கும்பமேளாவின்போது பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் பாதங்களைக் கழுவினார், கேமராக்கள் சாட்சி. மேலே தொங்குவது காந்தியின் மூக்குக்கண்ணாடி, தூய்மை இந்தியாத் திட்டத்தின் சின்னம். கண்ணாடி இருக்கிறது, பார்க்கும் கண் அதில் வரையப்படவில்லை. அந்தத் திட்டத்தில் 10 கோடிக்கும் மேல் கழிப்பறைகள் கட்டினோம் என்கிறார்கள். சரி, குழிகள் நிரம்பும்போது? டயன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய நூலில் வட இந்தியக் கிராமங்களில் கண்டதைச் சொல்கிறார்கள்: பாடக் சொன்ன மாதிரி எருவான குழியைக்கூட வீட்டுக்காரர் தன் மண்வெட்டியால் தொடமாட்டார். தீட்டு. அதனால் ஒரு தலைமுறைக்குத் தாங்குகிற மாதிரி ஒரே பெரிய குழியாகக் கட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். பாட்டி அன்றைக்குச் சாணத்தைத் திணித்தது ஒரு பையனின் வாயில் மட்டுமல்ல.

வடக்கே பார்த்து விரலை நீட்டியது போதும். இணைப்புக் கட்டடத்தின் மிகப் பெரிய கூடம் தமிழ்நாட்டுக்குத்தான். 1993க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்களின் எண்ணிக்கை அரசுக் கணக்கிலேயே ஆயிரத்தைத் தாண்டும். அதில் முதலிடம் நமக்குத்தான். சமூக நீதியின் தொட்டில் என்று மேடைக்கு மேடை முழங்குகிற மாநிலம் இது. தொட்டில் ஆடுகிறது, அடியில் இருக்கிற குழியை யாரும் பார்ப்பதில்லை. 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தபோது, அதைத் திரையிடப் போலீஸ் இடத்துக்கு இடம் தடை போட்டது. லூயியின் கக்கூஸைக் காட்டினால் கலாசாரம், நம் கக்கூஸைக் காட்டினால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

அந்தக் கூடத்தில் ஒரே ஒரு காட்சி போதும், ஆனால் ஒவ்வொரு சாமானும் அச்சாக இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கிங்கில் இரண்டு நாளாக நாற்றம். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஏழெட்டுப் புலம்பல், மூக்கைப் பிடித்த பொம்மைப் படங்கள். செயலாளர் கழிவுநீர் லாரிக்குப் போன் போடுகிறார். லாரி வருகிறது, மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. அடியில் வருஷக்கணக்காக இறுகிக் கிடக்கும் சகதி குழாய்க்கு வரமாட்டேன் என்கிறது. "சார், ஆள் இறங்கினாத்தான் ஆகும். ஐநூறு எக்ஸ்ட்ரா." செயலாளர் கொஞ்சம் யோசிக்கிறார். உயிரைப் பற்றியல்ல, ஐநூறைப் பற்றி. "முந்நூறு வச்சுக்கப்பா, சீக்கிரம் முடி, பன்னெண்டு மணிக்கு ஃபங்ஷன் இருக்கு."

சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு ஒருவர் இறங்குகிறார். இடுப்பில் கயிறு இல்லை, முகத்தில் துண்டுதான். சகதியைக் கடப்பாரையால் கிளறியதும் அதுவரை அடைந்து கிடந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு குபீரென்று கிளம்புகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறி எச்சரிக்கிற வாயு அது. அளவு கூடினால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் கொல்லும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற அந்த நிமிஷத்தில் ஆள் சாய்ந்துவிடுவார். மேலே நிற்கும் கூட்டாளி, அநேகமாகத் தம்பியோ மச்சானோதான், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த நொடி குதிப்பார். அவரைத் தூக்க மூன்றாமவர். அதனால்தான் செய்தித்தாளில் எப்போதும் இருவர், மூவர் என்று வருகிறது. மாடி பால்கனிகளில் செல்போன்கள் உயர்கின்றன. ஒருவரும் இறங்கி வருவதில்லை. நாற்றமாம்.

மறுநாள் எட்டாம் பக்கத்தில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி'. முப்பது வருஷமாகக் குற்றவாளி வாயு ஒன்றுதான், அதற்கு முன்ஜாமீன்கூடத் தேவைப்படவில்லை. ஆபத்தான முறையில் சாக்கடைக்குள் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ என்று சட்டம் சொல்கிறது. சிறைக்குப் போன ஒப்பந்ததாரர்களை எண்ண ஒரு கை விரல்கள் அதிகம். குடியிருப்புச் செயலாளர்களை எண்ண விரலே வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒருவர் போட, பன்னிரண்டு பேர் கைகூப்ப, அடுத்த செய்தியாக ஒருவர் கேட்பார்: 'டேங்க் இப்ப கிளீனா?'

இந்த வரிசையில் நம் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒப்பந்ததாரரும் மாநகராட்சியும் பிறகு. சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறோம், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், குடிக்கத் தண்ணீர் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம், அந்தப் பிளாஸ்டிக் டம்ளரை அப்புறம் எங்கே வைக்கிறோம்? அந்த டம்ளரையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். நன்கொடையாகத் தர ஒவ்வொரு தெருவிலும் ஆள் கிடைப்பார்கள்.

விலைப்பட்டியல் அறைக்கு வருவோம். 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மன்சோனியின் டப்பாவை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? 2,75,000 யூரோ என்றால் அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். 30 கிராம் மலம் 2 கோடி, அதை அள்ளி மூழ்கிய மனிதர் 30 லட்சம். அதுவும் தீர்ப்பில். குடும்பத்தின் கைக்கு வருவதற்குள் பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், 'அவர் எங்கள் ஊழியரே இல்லை' என்று ஒப்பந்ததாரர் கொடுக்கும் வாக்குமூலம் எல்லாவற்றையும் தாண்டவேண்டும். அந்தக் கோப்பையும் வைக்கலாம், எடைபோட்டுத்தான் வைக்கவேண்டும்.

சஃபாய் கர்மசாரி அந்தோலன் இயக்கத்தார் 2015 டிசம்பரில் தொடங்கி 125 நாள் நாடு முழுக்க ஊர்வலமாக வந்து, 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று டெல்லியில் வந்து நின்றார்கள். அதன் அமைப்பாளர் பெஜவாடா வில்சனுக்கு 2016இலேயே மகசேசே விருது கிடைத்தது. வெளிநாட்டு விருது என்றதும் நாம் பெருமைப்பட்டோம், கோரிக்கையைப் படித்தவர்கள் குறைவு. கேரள இளைஞர்கள் செய்த 'பேண்டிகூட்' ரோபோ வந்தது, மேன்ஹோலுக்குள் இறங்கி அள்ளக்கூடியது. மாலை போட்டுத் தேங்காய் உடைத்துத் தொடங்கி வைக்கும் படம் ஊருக்கு ஊர் இருக்கிறது. ரோபோ ஒரு மேன்ஹோலில், அமைச்சர் மேடையில், மீதி மேன்ஹோல்களில் மனிதர்கள். இயந்திரத்துக்கு டீசல் போடவேண்டும், பழுது பார்க்கவேண்டும், ஓட்டப் பயிற்சி கொடுக்கவேண்டும். மனிதருக்கு இவை எதுவும் வேண்டாம், ஒரு குவார்ட்டர் போதும் என்று கணக்குப் போடுகிற ஒப்பந்ததாரரை எந்த ரோபோ வெல்லும்?

யோகோஹாமாவில் 2019இல் ஜப்பானியர்கள் மல மியூசியம் ஒன்றைத் திறந்தார்கள். இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் மிட்டாய் போல மலப் பொம்மைகள். குழந்தைகள் குதித்து விளையாடினார்கள். விளையாடட்டும். தங்கள் மலத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வழிசெய்துகொண்ட ஊரில் அது வேடிக்கைதான். அந்த வேடிக்கைக்கு இங்கே கிளை திறக்க யாராவது கிளம்பினால் முதலில் அவரைச் செயலாளரின் குடியிருப்புக்கு அழைத்துக்கொண்டு போய், மதில்மேல் கிடக்கும் சட்டையைக் காட்டவேண்டும்.

என் திட்டத்துக்கு எப்படியும் ஒப்புதல் கிடைத்துவிடும். கட்டடம் என்றால் கிடைக்காத நிதி இந்த நாட்டில் இல்லை. திறப்பு விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள், ஆயிரம் பேரும் கழிப்பறைக்குப் போவார்கள், ஆறு மாதத்தில் இணைப்புக் கட்டடத்தின் செப்டிக் டேங்கும் நிரம்பும். அதற்கான ஒப்பந்தப்புள்ளியின் வாசகம் இப்போதே தயார். குறைந்த தொகை கேட்பவருக்கே பணி. பாதுகாப்புச் சாதனங்களை ஒப்பந்ததாரரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். காட்சியில் உள்ள சாதனங்களைத் தொடக்கூடாது. பார்வையாளர்களுக்கு இடையூறு இல்லாதபடி அதிகாலை 4 மணிக்குள் வேலையை முடிக்கவேண்டும். பணியின்போது ஆட்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அருங்காட்சியக நிர்வாகம் பொறுப்பேற்காது.